சிவப்பு மைக்கு அடியில் ஒரு பெண்

மலைக்கோட்டைக்குக் கீழே கடைவீதியில் என் கணவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். படம் பிடிப்பது அவர். அதைப் பார்க்கும்படி ஆக்குவது ஸ்ரீரங்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்த நான். அம்மைத் தழும்பை மறைப்பேன், ஒட்டிய கன்னத்தைக் கொஞ்சம் உப்ப வைப்பேன். வந்தவர்கள் அவருடைய கைராசியைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். பேர் அவருக்கு, கண்ணெரிச்சல் எனக்கு.

எங்களிடம் எல்லாம் கண்ணாடி நெகட்டிவ்தான். அதில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருக்கும். கல்யாணப் பெண்ணுக்குத் தலை நரைத்திருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, கூராகச் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு நிரவுவேன். வேண்டாத ஆளோ தூணோ இருந்தால் சிவப்பு மையைப் பூசிவிடுவேன். வெளிச்சம் புகாத அந்த இடம் அச்சில் வெறும் வெள்ளையாக விழும்.

ஒருநாள் எங்கள் பக்கத்து வீதிப் பெரியவர் ஒருவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். அவர் மகன் கல்யாணமான சில மாதங்களிலேயே விஷஜுரத்தில் போய்விட்டான். கல்யாணப் படத்தில் மகன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மருமகள் பக்கத்தில் நின்று நாற்காலி முதுகில் கை வைத்திருந்தாள். மகனை மட்டும் பெரிதாக்கித் தர வேண்டும்.

"அவ இனிமே அந்தக் கோலத்துல யார் கண்ணுலயும் படப்படாது. வேலை முடிஞ்சதும் கண்ணாடியை உடைச்சுடுங்கோ" என்றாராம்.

என் கணவர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். வாடிக்கைக்காரர் சொன்னால் காவேரி மேற்கே ஓடுகிறது என்பதற்கும் ஆட்டுவார்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். தலையை மழித்து முக்காடு போட்டிருந்தார்கள். காலையில் மாமியாரோடு காவேரிக்குப் போவாள். பதினாறு வயதிருந்தால் அதிகம். அவளுக்கு முடி இருந்தது என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்த சாட்சி அந்தக் கண்ணாடிதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வேலையைச் செய்தேன். அவள்மேல் சிவப்பு மையைப் பூசினேன். நாற்காலி மேல் மிஞ்சிய விரல்களை அச்சில் கறுப்பு மையால் மறைத்தேன். படத்தைப் பார்த்துப் பெரியவர் அழுதாராம். மகன்மேல் அவருக்கிருந்த பாசத்தை நான் குறை சொல்லவில்லை.

கண்ணாடியை உடைத்தாயிற்றா என்று கணவர் கேட்டார். ஆயிற்று என்றேன். அது புளிப்பானைக்குப் பின்னால் இருந்தது. அந்த மை தண்ணீர் பட்டால் போய்விடும்.

பிறகு ஒருநாள் படித்துறையில், மாமியார் முழுக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அவளிடம் மெல்லச் சொன்னேன்: "உன் கல்யாணப் படம் எங்காத்துல இருக்கு."

ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு வந்தாள். கண்ணாடியைக் கழுவி, வெயிலில் ஒரு சின்ன அச்சு போட்டு வைத்திருந்தேன். புருஷனைப் பார்த்ததும் அழுவாள் என்று மோர்கூடக் கரைத்து வைத்திருந்தேன்.

அவள் அழவில்லை. படத்தில் தோளுக்கு முன்னால் விழுந்திருந்த தன் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, இவரை எடுத்துட்டு என்னை மட்டும் தர முடியுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இவர் மொகத்தை நான் சரியாப் பாத்ததுகூட இல்லை. இவளைத்தான் எனக்குத் தெரியும்" என்று பின்னல் போட்ட பெண்ணைத் தொட்டாள்.

முடியும் என்றேன். ஆனால் அவரை மறைத்தால் நாற்காலியும் போய்விடும், கை அந்தரத்தில் நிற்கும். "கையையும் எடுத்துடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் மாமி. நாற்காலியை வரைஞ்சுடுங்கோ." முக்காட்டுக்குள் சிரித்தாள். "கால் வலிச்சா நான் உக்காந்துக்கறேன்."

மாமனார் வீட்டில் அவளுக்கு உட்காரத் தரைதான். அவள் போனதும் அடுக்களையில் நின்று அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து நாற்காலியை வரைந்தேன். கைப்பிடி, பிரம்புப் பின்னல், உட்காரும் இடம், எதையும் விடவில்லை.