நாக்கு கழன்ற மணி

என் தெரு பற்றி எரிகிறது என்று செய்தி வந்தபோது, நான் தீயணைப்பு நிலையத்தில் கதை சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். அறுபத்தெட்டாம் வருஷம், உயிர்த்தெழுந்த பண்டிகை கழிந்த வாரம். காஞ்சிபுரத்தில் மண்டையைப் பிளக்கும் வெயில். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பட்டுக்குச் சாயம் போடும் கொட்டகையில் பிடித்த தீ கீற்றுக் கூரைகளுக்குத் தாவிவிட்டதாம். அதில் ஒரு கூரை என்னுடையது. அதன் கீழே என் மனைவி எஸ்தரும் கைக்குழந்தையும்.

அன்பானவர்களே, ஊரார் வீட்டுத் தீக்கு நான் பெரிய வீரன். என் வீட்டுத் தீ என்றதும் தொப்பியைப் பின்பக்கம் முன்னால் வரும்படி மாட்டினேன். ஒரு காலில் பூட்ஸ், மறு காலில் செருப்பு. ஜெபிக்க வாயைத் திறந்தால், "இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும்" என்று வருகிறது! நம்முடைய விசுவாசத்தின் லட்சணம் அப்படி.

வண்டியில் மணியடிப்பது என் வேலை. பெரிய வெண்கல மணி. அதன் நாக்கில் கட்டிய கயிறு என் கையில். அதைத் தேர்வடம் போல இழுத்தேன். டிரைவர் வேலு அண்ணன் திரும்பிக் கத்தினார்.

"டேய் சாமுவேலு! மணி அடிக்கிறியா, மணியவே அடிச்சுக் கொல்றியா? காதுல ஒண்ணும் விழல பா!"

"எரியறது என் ஊடுண்ணே! நீ மிதி!"

அடித்துக்கொண்டே ஜெபித்தேன். "ஆண்டவரே, வழியைத் திறந்துவிடும். எதுவும் எங்களை நிறுத்தக் கூடாது."

புளியமர வளைவில் திரும்பினால், ரயில்வே கேட் விரியத் திறந்து கிடக்கிறது! "ஸ்தோத்திரம்!" என்று கூவி, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தேன்.

கயிறு கையோடு வந்தது. மணியின் நாக்கு கழன்று, செருப்புப் போட்ட கால்மேல் விழுந்தது.

சத்தம் அடங்கியது. அந்த அமைதிக்குள் ரயிலின் ஊதல். பக்கத்தில். வெகு பக்கத்தில்.

வேலு அண்ணன் பிரேக்மேல் ஏறி நின்றார் என்றே சொல்ல வேண்டும். கை நீட்டினால் தொடும் தூரத்தில் கரி என்ஜின் கடந்தது. அனல் முகத்தில் அறைந்தது. பின்னால் சரக்குப் பெட்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக, தீராமல். ரயிலுக்கு வழிவிட்டு இறங்கியிருந்த கைகாட்டியை அப்போதுதான் மரங்களுக்கு மேலே பார்த்தோம். 

கேட்காரர் ஓடிவந்தார். "மூடித்தான் வச்சிருந்தேன் நைனா. மணி கேட்டுச்சு. யார் ஊடு எரியுதோ, பாவம், ரயிலு வரதுக்குள்ள தாண்டிக்கினு போயிடுவீங்கன்னு தொறந்துட்டேன்..." வேலு அண்ணன் அவர் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு வண்டியை எடுத்தார்.

நாங்கள் கொண்டுபோன தண்ணீர்தான் அந்தத் தெருவைக் காத்தது. அது தண்டவாளத்தில் கொட்டியிருந்தால்? எங்கள் கூரை பாதி போயிருந்தது. எஸ்தர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பக்கத்துக் கீற்றைப் பிடுங்கச் சொல்லி ஆண்பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தாள். நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். வீங்கிய என் கால் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"ஆண்டவரு தப்பாக் கழட்டிட்டாரு. உன் நாக்கையில்ல கழட்டியிருக்கணும்!"

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாள். அப்புறம் வெகுநேரம் விடவில்லை.

எதுவும் நிறுத்தக் கூடாது என்று கேட்டேன். அவரே நிறுத்தினார். அந்த விரலின் நகம் இன்றும் கோணலாகத்தான் வளர்கிறது. ஒவ்வொரு முறையும் முழங்கால் போடுமுன் அதைப் பார்ப்பேன். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். என்னைத் தெரிந்தவர்கள், நடந்த அற்புதத்தில் பெரியது இதுதான் என்கிறார்கள்!

சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் உங்கள் வீடு எரிகிற நாளிலும் அவரை நம்பிக் கேளுங்கள். கேட்டபின் கயிற்றைக் கொஞ்சம் விடுங்கள். அவர் பேசுவது காதில் விழ வேண்டும் அல்லவா?