தீரா என்று ஒரு தீவு

நாங்குநேரியில், தம்பி மனைவியின் தாய்வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைக்கும் சடங்கு. அத்தை என்ற முறையில் அதன் காதில் மூன்று தரம் பெயரைச் சொல்ல வேண்டியவள் நான். என்ன பெயர் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கப்பலில் வேலை பார்க்கும் தம்பி, கடைசி நேரத்தில்தான் சொல்வேன் என்றிருந்தான். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்ட பிறகு வீடியோ அழைப்பில் வந்து, "தீரா" என்றான்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள். தீராத என்ற சொல் கடைசி எழுத்தை இழந்தால் தீரா. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பின்னால் இன்னொரு சொல் வந்தால்தான் முடியும். தீரா நோய், தீராப் பகை, தீராப் பழி. வேறெதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

"ஏலே, பிள்ளைக்கு வைக்குத பேரா இது?"

தமிழ் இல்லை, கிரேக்கத் தீவு ஒன்றின் பழைய பெயர் என்றான். கப்பலில் அந்த வழியாகப் போனபோது பார்த்தானாம். அங்கே ஆட்களைக் குடியேற்றிய தீராஸ் என்ற தலைவனின் பெயர்தான் ஈறு மாறி, பெண்பாலாகி, தீவுக்கு ஆகிவந்ததாம். அதற்கு முன்னால் அதைக் கல்லிஸ்தே என்றார்களாம். எல்லாரிலும் அழகி என்று பொருள். அதையாவது வைத்திருக்கலாமே என்று நினைப்பதற்குள், அந்த ஊர்ப் பேச்சில் தீரா என்றால் வேட்டை என்றும் அர்த்தம் உண்டு என்றான். எரிமலை வெடித்துத் தீவில் பாதி கடலுக்குள் போய்விட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

"பாதி போயும் மிச்சம் நிக்குதுல்லா, மதினி," என்றாள் தம்பி மனைவி. "அதையே சொல்லுங்க."

இரட்டையாகப் பிறந்ததில் ஒன்று ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டது. அந்தப் பேச்சை அவள் முன்னால் எடுக்கவே கூடாது என்று நாங்கள் எங்களுக்குள் பேசி வைத்திருந்தோம். போனில் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெயரைத் தேர்ந்தெடுத்தது அவன் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

குனிந்தேன். குழந்தையின் காதில் மூன்று தரமும் சொல்லி முடித்தேன்.

"தீபாவா?" என்று பின்னாலிருந்து தம்பி மனைவியின் பெரியம்மா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பதில் சொன்னாள்.

"தீரா."