மாமனாரின் மதியச் சாப்பாடு

மாமனார் எங்களோடு இருக்க, தெலுங்கு ஊரான சைனிக்புரிக்கு வந்த வருஷமே இளைத்துவிட்டார். சட்டைக் காலர் பட்டனைப் போட்டாலும் கழுத்தைச் சுற்றி இடம் மிச்சம் இருந்தது. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்து ஒன்றுமில்லை என்றார். வியாதி இல்லையென்றால் பழி யார் மேல் விழும்? திருச்சியிலிருந்து நாத்தனார் தினமும் போனில் அப்பா என்ன சாப்பிட்டார் என்று விசாரிப்பாள். விசாரணை என் அடுப்பைப் பற்றியது என்று எனக்குத் தெரியாதா? அடுத்த மாதம் வந்து அழைத்துப் போவதாகவும் சொல்லிவிட்டாள். அவருக்கு மகனை விட்டுப் போக விருப்பமில்லை. பட்டினி போட்டவள் என்ற பெயரோடு அவரை அனுப்ப எனக்கும் மனமில்லை.

விடியற்காலையில் எழுந்து சமைத்து, ஹாட்பேக்கில் அடுக்கிவிட்டுத்தான் ஹைடெக் சிட்டிக்கு பஸ் பிடிப்பேன். சாயங்காலம் வந்து திறந்தால் பாதி அப்படியே இருக்கும். கேட்டால் பசிக்கவில்லை என்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

அவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். மதியம் சங்கு ஊதியதும் எல்லோரும் டிபன் கேரியரோடு மரத்தடியில் கூடுவார்களாம். ஒருவர் வீட்டுக் குழம்பு இன்னொருவர் சோற்றில் விழுமாம். பலமுறை சொல்லியிருக்கிறார். ஓய்வுபெற்றவரின் பழங்கதை என்றுதான் நான் கேட்டுக்கொண்டேன்.

திடீரென்று ஹாட்பேக் காலியாக ஆரம்பித்தது. என் கத்திரிக்காய் கொத்சு ஜெயித்துவிட்டது என்று நாத்தனாரிடம் பீற்றிக்கொண்டேன்.

ஒருநாள் தலைவலி என்று ஆபீசிலிருந்து பாதியிலேயே வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. மாமனார் மதியத்தில் பின்தெருவுக்குப் போகும் வழக்கம் உண்டு என்றார் எதிர்வீட்டுக்காரர். அங்கே ஒரு அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. செங்கல் குவியலின் நிழலில் பாலமூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்த கொத்தனார்களும் சித்தாள்களும் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் என் மாமனார். அவர் தட்டில் ஜொன்ன ரொட்டி என்கிற சோள ரொட்டி, பச்சை வெங்காயம். என் பீன்ஸ் பொரியல் ஒரு சித்தாளின் தட்டில். தெலுங்கில் அவருக்கு, நன்றாயிருக்கிறது என்று சொல்லும் ‘பாகுந்தி’ தவிர ஒரு வார்த்தை தெரியாது.

மானம் போகிறதே என்றுதான் முதலில் தோன்றியது. காலனியில் யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள்? திட்ட வாயைத் திறப்பதற்குள் அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"சாப்ட்டியாம்மா? உக்காரு."

என் பையில் டப்பா திறக்காமல் கிடந்தது. ஆபீசில் கீபோர்டைத் தட்டிக்கொண்டே தின்னும் அதே சாப்பாடு. உட்கார்ந்தேன். பொரியலை வாயில் போட்டதும்தான் புரிந்தது.

"உப்பே இல்லையே மாமா. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"வீட்ல தின்னப்ப தெரியலம்மா. இங்க வந்தப்புறந்தான் தெரிஞ்சது."

தினமும் சுடச்சுட வைத்துவிட்டுப் போனேன், எதிரே ஒரு ஆளை வைக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஹாட்பேக்கைப் பரணில் போட்டுவிட்டு, டிபன் கேரியரில் கொஞ்சம் கூடுதலாகவே கட்டிக் கொடுத்தேன். நாத்தனார் வந்தாள், அப்பாவின் கன்னத்தைப் பார்த்தாள், அண்ணியின் கைப்பக்குவம் என்று ஒப்புக்கொண்டு தனியாகவே ஊர் திரும்பினாள். மாமனார் என் பக்கம் பார்க்காமல் காலர் பட்டனைப் போட்டுக்கொண்டார். தூசி, சத்தம் என்று நான் சபித்துக்கொண்டிருந்த அந்தக் கட்டடத்தை அதற்குப் பிறகு தினமும் பஸ்ஸுக்குப் போகும்போது அண்ணாந்து பார்ப்பேன். சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று.