கருப்பட்டிக் காப்பியும் சுண்டுவிரலும்

1952-ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், நாகர்கோவிலில் நடந்தது இது. வீட்டிலிருந்து வடசேரிச் சந்தைக்கு ஆயிரத்து நூற்று நாற்பது அடி. எண்ணிக்கொண்டே போனேன், எண்ணிக்கொண்டே வந்தேன். செருப்பு ஆணி வலது சுண்டுவிரலைக் குத்திக் கிழித்திருந்தது மட்டும் எனக்குத் தெரியவில்லை. வாசலில் ரத்தத்தைப் பார்த்து என் மனைவிதான் கத்தினாள்.

முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். சர்க்கரை வியாதி வந்து நாலு வருடம்; அதில் கால் விரல்கள் மரத்துப்போயிருந்தன. எட்டு நாளில் ஆறவேண்டிய புண் இருபது நாளாகியும் ஆறவில்லை. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் இன்சுலின் ஊசி, பெனிசிலின் ஊசி, புதுக் கட்டு. கம்பவுண்டர் என் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சுவார். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. எனக்கோ ஒவ்வொரு நாளும் செங்கல் நிறம்!

நாற்பத்தோராம் நாள் விரல் கறுத்திருந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். வந்த ஆத்திரத்தில் கம்பவுண்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊசியில மருந்து ஏத்துதீரா, பச்சத் தண்ணி ஏத்துதீராவே?"

அவர் கண்ணாடிக் குழாயைக் கீழே வைத்தார். "சாரே, காப்பிக்குச் சீனி போடுதியளா?"

"நாலு வருஷமா ஒரு கரண்டி தொட்டதில்ல. சோறுகூட மூணு கைப்பிடிதான்."

"பின்ன காப்பி கசக்காதா?"

"கருப்பட்டி போட்டா எப்பிடிவே கசக்கும்?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நல்லா இருக்கு! நான் ஒருபக்கம் குத்த, நீங்க ஒருபக்கம் குடிக்க! கருப்பட்டியும் சர்க்கரைதான் சாரே!"

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கே மருந்தாகக் கொடுப்பது கருப்பட்டி. அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? வீட்டுக்கு வந்து மனைவியிடம் எரிந்து விழுந்தேன். "ஒரு துண்டு கூடப் போடுன்னு கேட்டது யாராம்?" என்றாள்.

அந்த நாற்பத்தோரு நாளில் மட்டும், காலையும் மாலையுமாக எண்பத்திரண்டு தம்ளர். நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றைத்தான்.

காப்பியைக் கசக்கக் குடித்தேன். ஆறாம் நாள் மருந்து நீலமாகவே நின்றது. ஆனாலும் விரல் தப்பவில்லை. அறுத்த புண் மட்டும் இருபத்திரண்டே நாளில் ஆறிவிட்டது. அத்தனை நாளும் கட்டு மாற்றியவர் அதே கம்பவுண்டர்தான். நான் கேட்டதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை.

கால் கழுவக் குனியும்போது இன்றும் விரல்களை எண்ணுகிறேன். ஒன்பதில் நிற்கும்போது, விரல் போனதைவிட அந்த மனிதரைப் பார்த்து "பச்சத் தண்ணியா" என்று கேட்டதுதான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது.