சென்னை வண்டியில் போன பல்செட்

எதிர் வீட்டுக் கனகவல்லி அக்காவுக்குக் கூரியர் என்றாலே இளக்காரம். ஹைதராபாத் குகட்பள்ளியிலிருந்து சென்னைக்கு எதை அனுப்புவதானாலும் ஆட்டோ பிடித்து ரயில் நிலையத்துக்குப் போய்விடுவார். சென்னை வண்டியில் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்ப்பார். தமிழ் பேசும் முகம் ஒன்று அகப்பட்டால் போதும், "தாம்பரத்துல எங்கண்ணன் வந்து வாங்கிக்குவாரு, சும்மா வச்சிருங்க" என்று பையை அவர் மடியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

அக்காவின் அப்பா லாலாகூடா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு ரயிலில் போகிற எல்லாரும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். நான் பல்லாவரத்திலிருந்து மாதாப்பூருக்கு வேலைக்கு வந்தவள். என் வீட்டில் வாசலுக்கு ஒரு கேமரா, கதவுக்கு இரண்டு பூட்டு. பால் போடுகிறவரின் முகத்தை நான் இன்னும் பார்த்ததில்லை. கேமராவில் அவருடைய உச்சந்தலை மட்டும் நன்றாகத் தெரியும்.

அக்கா ஏமாந்ததே இல்லையா என்றால், தாராளமாக ஏமாந்திருக்கிறார். ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற ஜெயச்சந்திரன் என்று ஒருவர். மகள் சேலையூரில் இருப்பதால் அடிக்கடி சென்னைக்குப் போவார். ஒரு வளைகாப்புக்காக அக்கா அவரிடம் வெள்ளிக் குங்குமச் சிமிழைக் கொடுத்தனுப்பினார். கூடூர் பக்கத்தில் அது ஜன்னல் வழியாக விழுந்துவிட்டது என்றார் மனிதர். பை விழவில்லை, பைக்குள் இருந்த பழம் விழவில்லை, சிமிழ் மட்டும் எழுந்து குதித்திருக்கிறது. அடுத்த வருஷம் அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அவருடைய மனைவி அதே சிமிழை நீட்ட, அக்கா குங்குமம் இட்டுக்கொண்டு, பாயசம் வரை சாப்பிட்டுவிட்டு வந்தார்.

ஏன் கேட்கவில்லை என்று நான் கொதித்தேன்.

"கேட்டா என்னா ஆவும்? சிமிழும் வராது, மனுசனும் வரமாட்டாரு. நக்கோம்மா, வேணாம்."

இந்தச் சமயத்தில்தான் அக்காவின் அண்ணன் பெருமாள், மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஹைதராபாத் வந்தார். வந்தவர் தன் பல்செட்டை அக்கா வீட்டு வாஷ்பேசினில் டம்ளரோடு மறந்துவிட்டு வண்டியேறினார். காஜிப்பேட்டையில் வடை வாங்கி வாயில் வைத்த பிறகே தெரிந்திருக்கிறது.

வேறு யாராவது என்றால் சிரித்துக்கொண்டே மேடையேறியிருப்பார்கள். இவரோ சம்பந்தி வீட்டில் எல்லாமே சொந்தப் பல் என்று சொல்லி, நிச்சயதார்த்தத்தில் கடலை உருண்டையைக் கடித்தும் காட்டியவர். பல் வராவிட்டால் மேடைக்கே வரமாட்டேன், மாப்பிள்ளைக்கு அப்பா இடத்தில் வேறு யாரையாவது உட்கார வையுங்கள் என்று போனில் சொல்லிவிட்டார். கல்யாணம் வியாழக்கிழமை. அன்று திங்கள். கூரியர் வெள்ளிக்குத்தான் என்றார்கள். அக்காவின் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் ஆன நேரம், அவராலும் போக முடியாது, அவரை விட்டுவிட்டு அக்காவாலும் போக முடியாது.

நான் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். தமிழர் வாட்ஸ்அப் குழுவில் தேடி, மறுநாள் பயணம் போகும் யோகேஷ் என்ற சாஃப்ட்வேர்காரரைப் பிடித்தேன். நடைமேடையில் அவருடைய ஆதார் அட்டையைப் படமெடுத்தேன். அவர் பதிலுக்கு என்னுடையதையும் அக்காவுடையதையும் படமெடுத்தார். டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னார். பல் சிரித்தது. அடுத்தவர் பல்லை எடுத்துப் போகச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று போனில் தேடினார். என்ன கிடைத்ததோ, "ஸாரி மேடம், ரிஸ்க்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். படித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒருவரையொருவர் வெற்றிகரமாகக் காப்பாற்றிக்கொண்டோம்.

அப்போது பார்த்து, அதே வண்டியில் ஏறத் தண்ணீர் பாட்டிலோடு ஜெயச்சந்திரன் வந்தார்.

"என்னா கனகா, அண்ணன் வீட்டுக் கல்யாணமாமே?"

"ஹவ் அண்ணே, ஆமா. இதக் கொண்டு போங்க. நீங்க குடுத்தாத்தான் எங்கண்ணன் மேடையேறும்."

நான் அக்காவின் முந்தானையை இழுத்தேன். பிறகு ஜெயச்சந்திரனிடமே ஆதார் கேட்டேன்.

"ஏம்மா, இந்தப் பல்லைத் திருடி நான் எங்க மாட்டிக்கிறது? எனக்குச் சொந்தமா இருக்கு" என்று முப்பத்திரண்டையும் காட்டினார்.

பையில் இரண்டு டப்பாக்கள். சின்னதில் பல், பெரியதில் முறுக்கு. பெரியதன் அடியில், அது எங்கே இருக்கிறது என்று என் போனில் புள்ளியாகக் காட்டும் டிராக்கர் வில்லையை அக்காவுக்கும் தெரியாமல் ஒட்டியிருந்தேன்.

காலையில் பெருமாள் அலறினார். வண்டி வந்துவிட்டது, தாம்பரத்தில் ஆளைக் காணோம், போனையும் எடுக்கவில்லை. போனைப் பார்த்தேன். புள்ளி சேலையூரில் அசையாமல் இருந்தது. சிமிழ் போன அதே வழி. போலீஸ் வரைக்கும் யோசித்துவிட்டேன். அக்கா சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

"குளிச்சிட்டுக் கொண்டு போவாரு."

மத்தியானம் வரை புள்ளி நகரவில்லை. நான் போனை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டிய நேரத்தில் பெருமாளிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. வாய் நிறையப் பல். கூட்டத்தில் இவரைத் தேடி அலுத்துப்போன ஜெயச்சந்திரன், மகள் வீட்டில் குளித்து, நேராகக் குரோம்பேட்டையில் இவர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாராம். சாப்பிட்டுவிட்டுத்தான் போனாராம். கல்யாணத்துக்கும் வருகிறாராம்.

"முறுக்கு வந்துச்சாண்ணே?" என்று கேட்டார் அக்கா.

"முறுக்கா? எந்த முறுக்கு?"

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். "அவரு கையில எதனா ஒண்ணு ஒட்டிக்கணும். ஒட்டிட்டா மிச்சத்த பத்திரமா சேத்துருவாரு. சிமிழ் அனுப்பறப்ப இந்த முறுக்கு யோசனை வரலியே எனக்கு."

பல்லாயிரம் ரூபாய் சம்பளம் வாங்கும் மூளையால் நான் முறுக்கைக் காவல் காத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் ஜெயச்சந்திரன் காலி டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அடியில் வட்டமாக ஏதோ ஒட்டியிருந்ததே என்று பட்டும் படாமல் கேட்டேன்.

"அதுவா? கூடூர்கிட்ட ஜன்னல் வழியா விழுந்துருச்சும்மா."

என் கையிலிருந்த போனில் புள்ளி சேலையூரில் சௌக்கியமாக இருந்தது. அதை அவர் முன்னால் நீட்டப் போனேன். பல்லாவரத்தில் அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி அனுப்ப வேண்டியிருந்தது. போனை அணைத்து, அடுத்து எப்போது ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

அக்கா உள்ளே போய் முறுக்கு அச்சைக் கழுவி வெயிலில் வைத்தார்.