இரண்டு மேஸ்திரிகளும் கனகாம்பாளும்

ரங்கூன் துறையில் கப்பல் வந்து நின்றால் அடிதடி நிச்சயம். இறங்குகிற தமிழ் ஆட்களைப் படகுத்துறை வேலைக்குக் கூட்டிப்போக க்யிம்யிண்டைங் பேட்டை ரெங்கசாமி மேஸ்திரி ஒரு பக்கம் நிற்பார். அதே ஆட்களை அரிசி ஆலைக்கு இழுக்க குழந்தைவேலு மேஸ்திரி மறுபக்கம் நிற்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றாம் வருஷம் ஒருவன் மண்டை உடைந்து செத்த பிறகுதான் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். பேசி எழுந்தபோது ரெங்கசாமியின் மகள் கனகாம்பாள், குழந்தைவேலுவின் மூத்த மகன் நல்லப்பனுக்கு என்று ஆகியிருந்தது. அவளுக்குப் பதினாறு வயது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் நல்லப்பன் பிளேக்கில் போய்விட்டான். கனகாம்பாள் அவனைப் பார்த்ததே இல்லை. அழவேண்டுமா கூடாதா என்று தெரியாமல் உளுந்தை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"தேதி மாறலை. தம்பி வள்ளியப்பன் இருக்கான்" என்றார் அப்பா.

"காரியம் முடிஞ்ச கையோட கல்யாணமா?" என்று அம்மா முனகினாள்.

"தள்ளிப்போட்டா ஆளுங்க மறுபடியும் வெட்டிக்குவானுங்க."

பத்திரிகை ஏற்கெனவே அச்சாகியிருந்தது. நல்லப்பன் பெயர்மேல் தம்பி பெயரை ஒட்டினார்கள். ஆள் குறைவாக இருந்ததால் கனகாம்பாளும் பசை தடவினாள்.

வள்ளியப்பன் கெட்டவன் இல்லை. அண்ணனுக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, தோள் தொங்க, ஆலைக்குப் போய்வந்தான். "அண்ணன் இருந்தா நான் இன்சீன் பக்கம் ரயில்ல வேலைக்குப் போயிருப்பேன்" என்று ஒருநாள் சொன்னான். அவள் குழம்பு ஊற்றினாள். மீனம்மாள் பிறந்தாள்.

கல்யாணமான நான்காம் வருஷம், பேச்சை மீறி ஒரு கப்பல் ஆட்களை ரெங்கசாமி முழுதாக அள்ளிக்கொண்டு போனார். "இனிமே அந்த வீட்டு வாசலை நீ மிதிக்கக் கூடாது" என்றார் மாமனார். "சரிங்க மாமா" என்றாள்.

ஏழெட்டு மாதம் கழித்து, க்யிம்யிண்டைங் சந்தையிலிருந்து காய் கொண்டுவரும் வேலம்மா கூடையை இறக்கியதும் கேட்டாள்: "உங்கம்மாவைத் தூக்கி மூணு நாளாச்சே, உனக்கு யாரும் சொல்லலையா?"

கனகாம்பாள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். சோறு வெந்திருந்தது. வடித்தாள். கண்ணில் ஒன்றும் வரவில்லை. மாமியார்தான் அழுதாள்.

கடைசியில் மேஸ்திரிகளுக்கு ஆள் போதவில்லை. வேறொரு கூட்டம் துறையில் புகுந்துவிட்டது. திரும்பவும் உட்கார்ந்து பேசினார்கள். மூன்று வயது மீனம்மாள், கனகாம்பாளின் அண்ணன் மகனுக்கு என்று வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். கனகாம்பாள் எல்லோருக்கும் மோர் கொடுத்தாள்.

அப்பா செருப்பை மாட்டும்போது பின்னாலேயே போனாள்.

"அம்மா கடைசியில என்னைக் கேட்டாளாப்பா?"

"கேட்டா." அவர் நிமிரவில்லை. "வந்துகிட்டே இருக்கான்னு சொன்னேன்."

"எத்தனை தடவை கேட்டா?"

அப்பா படியிறங்கிப் போனார்.

நிச்சயத்துக்குப் போட்ட வளையல் மீனம்மாள் கைக்குப் பெரிதாக இருந்தது. கழன்று விழாமல் இருக்க, கனகாம்பாள் உட்கார்ந்து அதில் நூல் சுற்ற ஆரம்பித்தாள்.