விழுந்த ராக்கெட்டுக்கு விளக்கும் பஸ்ஸரும்

ராக்கெட் விடுகிறவர்கள் எல்லாம் வானத்தைப் பார்ப்பார்கள். அது விழுந்து தொலைந்த பிறகுதான் என் வீட்டு வாசலைப் பார்ப்பார்கள். காலேஜ் பிள்ளைகள் விடும் மாதிரி ராக்கெட்டுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு இருக்கும். எவ்வளவு உயரம் போனது என்று அது கணக்குப் பிடிக்கும். விழுந்த இடத்தைக் காட்ட அதற்கு வெளியே விளக்கும் பஸ்ஸரும் பொருத்துவது என் வேலை. வீட்டுக்காரருக்குக் கப்பலில் எலக்ட்ரீசியன் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில் இருக்கிறவரை நம்பினால் மிக்சி ஓடுமா? அவருடைய சால்டரிங் அயர்னை நானே கையில் எடுத்தேன், அப்படித்தான் ஆரம்பம். வீட்டில் எதையாவது கழற்றிப் பூட்டத் தெரிந்துவிட்டால் ஊரே தேடி வரும் என்பது உங்களில் பலருக்கும் தெரிந்த கஷ்டம்தான்.

புகை

ஜெபா இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம், அவர்கள் டீமுக்குத் தலைவி. முதல் ராக்கெட்டை உடைமரக் காட்டில் தொலைத்துவிட்டு வந்தாள். போர்டிலேயே ஒரு பஸ்ஸர் இருந்ததாம். அது கத்துவது பக்கத்தில் நிற்கிற கொசுவுக்குக்கூடக் கேட்காது. இருந்தது இன்னும் ஒரே ஒரு ராக்கெட், ஒரே ஒரு போர்டு. அது பதியும் உயரத்தைப் பேராசிரியரிடம் காட்டினால்தான் சென்னைப் போட்டிக்கு அனுப்புவார்கள்.

அந்த ஒரே போர்டில், டீமில் இருந்த முத்து, பைக் இண்டிகேட்டர் பஸ்ஸரை நேராகக் கொண்டுபோய்ப் பற்ற வைத்திருந்தான். குருவி தலையில் அம்மிக்கல்! போர்டு சைகைதான் காட்டும், பளுவைப் பேட்டரிதான் தூக்க வேண்டும், நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். கருகினது ஒரு மூலை மட்டும் என்பதால் பக்கத்து முனையில் டிரான்சிஸ்டரைப் பிடித்துச் சரிசெய்தேன். "யாருளா இவனுக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?" என்று ஜெபாவிடம் கேட்டேன்.

"யூடியூப் பாத்துதான் செஞ்சான் ஆன்ட்டி. வீடியோவுல புகை வரலை."

ரோஸ் கலர்

தூத்துக்குடி உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே உதிர்கிறது, பற்றவைத்த ஈயம் எம்மாத்திரம். அதனால் இணைப்புகள் மேலெல்லாம் நகப்பூச்சு தடவுவேன். மினுக்குத்தூள் இல்லாததாக இருக்க வேண்டும். காற்றழுத்தம் பார்த்து உயரம் சொல்கிற சிப்பின் ஓட்டையை மட்டும் தொடக்கூடாது. கான்வென்ட்டில் சிஸ்டர் ஸ்கேலால் முட்டியில் தட்டித் தட்டிச் சொல்லித்தந்த எம்பிராய்டரி, கை நடுங்காமல் இருக்க இப்போதுதான் உதவுகிறது.

போர்டைப் பார்த்த பேராசிரியர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, இது என்ன தொழில்நுட்பப் பூச்சு என்று ஜெபாவிடம் விசாரித்திருக்கிறார்.

"தெரியலை சார். ஆன்ட்டிகிட்ட கலர் இல்லாதது தீர்ந்துபோச்சு, அதான் ரோஸ்."

சிமிட்டும் விளக்கு

பேராசிரியரும் வந்து நிற்க, கடற்கரையில் ராக்கெட் விட்ட அன்று சாயங்காலம் கச்சான் காற்று எழும்பிவிட்டது. மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, பாராசூட்டோடு ராக்கெட்டைத் தூக்கிக் கடலுக்குள் போட்டது. ஜெபா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அழாதளா, மிதக்கும்" என்றேன். மூக்குப் பகுதி முழுக்கத் தெர்மாகோல்; அதன் உச்சியில் என் வெள்ளை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்கவே அதுவும் அலைக்குப் பின்னால் மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் எங்கள் தெரு சூசை அண்ணன் வள்ளத்தைக் கரையேற்றினார். ஓடிப்போய்க் கேட்டேன். பார்த்தாராம். பக்கத்திலேயே வந்தாராம். வந்து, அகலமாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டாராம்! வலை போட்டவர்கள் மிதவையில் இப்படித்தான் வெள்ளை விளக்குக் கட்டுவார்கள். அதைக் கண்டால் விலகிப் போவது கடல் மரியாதை.

"அடுத்தவன் வலையில கை வைக்கதுக்கு என்னைய என்ன களவாணின்னா நினைச்ச தங்கச்சி?"

வலை கத்தாது

திரும்பிப் போங்கள் என்றால் தயங்கினார். அந்தப் பக்கம் நாலைந்து விளக்கு சிமிட்டுகிறது, தப்பான வலையைத் தொட்டால் ஊர்க்கூட்டத்தில் யார் பதில் சொல்வது? நியாயம்தான். ஆனால் பொறுமைக்கு நேரமில்லை; உப்புத்தண்ணீர் உள்ளே புகுந்தால் போர்டு செத்துவிடும், இருட்டவும் தொடங்கியிருந்தது.

"எஞ்சினை நிப்பாட்டிட்டுக் காதைக் குடுங்கண்ணே. எந்த விளக்கு கத்துதோ அதைத் தூக்குங்க. வலை கத்தாதுல்லா?"

போனார். வள்ளம் கரைக்கு வருமுன்னே சத்தம் வந்தது. அண்ணன் ராக்கெட்டைக் கைப்பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டு இறங்கி, "இது ஒழுங்கா கத்த மாட்டேங்கு தங்கச்சி. கொஞ்சம் கத்துது, நிக்கி, மறுபடி கத்துது. திக்குவாய் போல" என்றார். திக்குவாய் இல்லை. எட்டின உயரத்தை அந்தப் போர்டு இலக்கம் இலக்கமாகப் பீப் அடித்துச் சொல்லும். அத்தனை நேரமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஜெபா விரல்விட்டு எண்ணினாள். பேராசிரியரும் பக்கத்தில் நின்று எண்ணினார். இருவர் கணக்கும் ஒத்துப்போய், "சென்னைக்குக் கிளம்புங்க" என்று அவர் சொல்லி முடிக்கவும், தண்ணீர் குடித்த போர்டு அடங்கிப்போகவும் சரியாக இருந்தது. ஜெபா அண்ணனின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவருக்கோ ராக்கெட் மேல்தான் இரக்கம்.

"பாவம், இம்புட்டு நேரமும் கேட்ட கேள்விக்குப் பதிலைத்தான் சொல்லிட்டுக் கெடந்திருக்கு. கேக்கத்தான் நாதியில்ல."

எங்கள் ஊரில் வெளிச்சத்தைக் கண்டால் மரியாதையாக விலகிப் போவார்கள், சத்தம் போட்டால்தான் பக்கத்தில் வருவார்கள்; கல்யாணமான நாளிலிருந்து நான் சத்தத்தையே நம்பியிருப்பதும் அதனால்தான்.